மாந்து கொசுறு இல்லை

தோங்ஷுன் கடையில் மாந்துக்குக் காசு கேட்கிறார்கள் என்ற செய்தி இன்ச்சோன் துறைமுகத்துச் சீனத் தெருவில் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. காலையில் பலகை மாட்டினார்கள். மதியக் கூட்டம் வருவதற்கு முன்பே எதிர்க்கடைக்காரர் பி முதலாளி வாசலில் வந்து நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வஞ்சிர மாந்து. தட்டுக்கு எட்டு. ஒன்பதாயிரம் வொன்." படித்து முடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "தெஷான்! உன் வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எனக்குத்தான்," என்று சமையலறையிலிருந்து பதில் சொன்னாள் யூஹ்வா. "ஓசியில குடுத்துக் குடுத்து கை வலி."

பி முதலாளி சிரித்தார். அவர் போய்ச் சொல்லித் தெருவே சிரித்தது. யூஹ்வாவின் கணவன் தெஷான் மட்டும் சிரிக்கவில்லை. வாணலிக்கு முன்னால் நின்று, பலகையை அவிழ்த்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தத் தெருவில் மட்டுமல்ல, அந்த நாடு முழுக்க எந்தச் சீனக் கடைக்குப் போய் ஒரு பெரிய தட்டுப் பன்றி வறுவல் சொன்னாலும், கூடவே ஒரு தட்டு பொரித்த மாந்து, பூரணம் வைத்து மடித்த கொழுக்கட்டை மாதிரி, இலவசமாக வரும். காய் வாங்கினால் கறிவேப்பிலை வருவதுபோல. யார் தொடங்கி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு கடை கொடுத்தது, பக்கத்துக் கடையும் கொடுத்தது, பிறகு கொடுக்காத கடை இல்லை. கொசுறுக்கு யார் உட்கார்ந்து மாவு பிசைந்து மடிப்பார்கள்? தொழிற்சாலையில் இயந்திரம் மடித்தது மூட்டை மூட்டையாக வந்தது. ஃப்ரீசரில் கூழாங்கல் மாதிரிக் கிடக்கும். கொதிக்கும் எண்ணெயில் கொட்டினால் மரச்சீவல் மாதிரி மிதக்கும். தின்பவர்களும் அதன் ருசியைப் பார்ப்பதில்லை. வந்ததா, இல்லையா என்று மட்டுந்தான் பார்ப்பார்கள்.

யூஹ்வாவின் கோபம் பிப்ரவரியில், சீனப் புத்தாண்டுக்கு மறுநாள் பிறந்தது. வீட்டுக்கென்று மடித்ததில் மீந்த மாந்துகளை, பாவம் தொழிற்சாலைச் சரக்கையே தின்கிறார்களே என்ற நல்லெண்ணத்தில், எட்டாம் மேசைக்கு வறுத்துக் கொடுத்தாள். வாரம் ஒருமுறை வரும் வங்கி ஆட்கள் நான்கு பேர். வஞ்சிரத்தின் சதையை முள் இல்லாமல் கரண்டியால் சுரண்டி, மிளகு ஊறிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரே பக்கமாக முக்கால் மணி நேரம் கிண்டி, பூண்டுத்தாளைப் பொடியாக அரிந்து கலந்து, ஒவ்வொன்றாக மடித்த மாந்து அது. அவர்கள் எழுந்து போனபின் மேசை துடைக்கப் போனாள். தட்டில் ஐந்து மிச்சம் இருந்தன. ஐந்திலும் பல்குச்சி குத்தி நிறுத்தியிருந்தது. ஒன்றில் மட்டும் இரண்டு குச்சி. பேச்சு சுவாரசியத்தில் விளையாட்டாகக் குத்தியிருப்பார்கள். பக்கத்திலேயே, காசு கொடுத்து வாங்கிய பன்றி வறுவலின் தட்டு கழுவி வைத்ததுபோல வழித்துக் கிடந்தது.

அவர்கள் கெட்டவர்கள் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பாள். போகும்போது குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனவர்கள். அதுதான் அவளைச் சுட்டது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. என் மாந்துக்கு விலை போடு. தொழிற்சாலை மூட்டையைத் தூக்கிப் போடு. கொசுறு கிடையாது.

"முடியாது," என்றான் தெஷான். வாடிக்கையாளர் முகம் கோணினால் அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"முடியும்," என்றாள் யூஹ்வா. ஒருவர் முகம் கோணாமல் இருப்பதற்காகத் தன் முகத்தைக் கோணிக்கொள்வது அவளுக்குப் பழக்கமில்லை.

தீர்ப்புச் சொன்னவள் தெஷானின் அக்கா ஷூசென். கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். கடையில் பாதி அவளுடையது; முழுக்கடையின் வாயும் அவளுடையது. "மே மாசம் மட்டும்," என்றாள். "முப்பத்தொண்ணு நாள். கூட்டம் குறைஞ்சுதுன்னா பலகையைக் கழட்டி அடுப்புல போட்டுடுவேன். அப்புறம் மாந்துங்கற பேச்சையே இந்தக் கடையில எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் யூஹ்வா. அவளுக்கு நாற்பத்தாறு வயது. இதற்கு முன் அந்தக் கடையில் அவள் கேட்டு வாங்கியது என்று ஒன்றுமில்லை.

பத்தொன்பது நாள் ஓடியது. தினமும் பத்துத் தட்டு போனது. சில நாள் பதினைந்து. தின்றவர்கள் அடுத்த வாரமும் வந்து கேட்டார்கள். ஆனால் தினமும் இரண்டு மேசையாவது சண்டை போட்டது.

"சித்தி, மாந்து வரலையே?" என்பார்கள். அந்த ஊரில் கடைக்காரப் பெண்களையெல்லாம் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சொன்னாத்தானே வரும்?"

"கொசுறு மாந்து சித்தி!"

"மாந்து கொசுறு இல்ல. முள்ளங்கி ஊறுகாய் கொசுறு. வெங்காயம் கொசுறு. எவ்வளவு வேணும், சொல்லுங்க, வாளியில கொண்டாரேன்."

"என்ன சித்தி, சீனக் கடைன்னா தாராள மனசுன்னு நெனச்சோமே!"

"சித்தின்னு கூப்பிடறீங்களே, உங்க சொந்தச் சித்தி வீட்டுக்கு வெறுங்கையோடதான் போவீங்களா?"

ஒருவர் சிரிப்பார். ஒருவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார். தெஷான் வாசல் வரை ஓடிப் போய்க் குனிந்து குனிந்து வழியனுப்புவான். அவன் முதுகைப் பார்க்கப் பார்க்க யூஹ்வாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இவளும் இந்தத் துறைமுகத்தில் பிறந்தவள்தான், இவள் அப்பாவும் இங்கேதான் பிறந்தார். சீன வம்சம் என்பதால் மூன்று தலைமுறையாகப் பையில் அயல்நாட்டார் அட்டையை வைத்துக்கொண்டு, கண்டவருக்கெல்லாம் குனிந்து, கூடவே ஒரு தட்டையும் நீட்டி... எதற்கு? யாரிடம் பட்ட கடனுக்கு?

இருபதாம் நாள் வந்தவன்தான் நாம்குங்.

அவன் வரப்போகிறான் என்பது தெருவுக்கு ஒரு வாரமாகத் தெரியும். முப்பது வயதிருக்கும். தொப்பை இல்லாத சாப்பாட்டுராமன். சீனத் தெருவில் இருக்கிற முப்பத்திரண்டு கடையிலும் வரிசையாகத் தின்று தீர்ப்பது என்று சபதம் எடுத்து, தினமும் இரண்டு மூன்று கடையாக முடித்து, வீடியோ போட்டுக்கொண்டிருந்தான். நிகழ்ச்சிக்குப் பெயர் 'முப்பத்திரண்டு கடை, ஒரு வயிறு'. நூடுல்ஸுக்கு ஐந்து மதிப்பெண், வறுவலுக்கு ஐந்து, கொசுறுக்கு ஐந்து. கொசுறு மாந்தை எண்ணுவான். சட்டைப் பையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்து நீளம் பார்ப்பான். முதல் நாள் நான்கு மாந்து கொடுத்த கடைக்கு இரண்டு மதிப்பெண் போட்டான். மறுநாள் அடுத்த கடை ஆறு கொடுத்தது. அதற்கடுத்தது எட்டு. பி முதலாளி பன்னிரண்டு கொடுத்து, மேலே எள்ளும் தூவி, ஐந்துக்கு ஐந்து வாங்கி, அந்தக் காட்சியைப் படமாக அச்சடித்து வாசலில் ஒட்டிக்கொண்டார்.

"நமக்குப் பூஜ்யம் போடுவான்," என்றான் தெஷான். இரண்டு நாளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"போடட்டும்," என்றாள் யூஹ்வா. "பூஜ்யம் வாங்கி யாரும் செத்ததில்ல."

நாம்குங் பகல் பன்னிரண்டரைக்கு வந்தான். ஒரு கையில் குச்சியில் கட்டிய கேமரா. ஐந்தாம் மேசையில் உட்கார்ந்து ஜாஜாங் நூடுல்ஸும் பன்றி வறுவலும் சொன்னான். ஜாஜாங் வந்தது. கறுப்புச் சாந்து பளபளக்க, மேலே வெள்ளரித் துருவல். பிசைந்து ஒரு வாய் போட்டுவிட்டுக் கண்ணை மூடினான். "நண்பர்களே, இந்தத் தெருவுல இதுவரைக்கும் இப்படி ஒரு சாந்து தின்னதில்ல. வெங்காயம் எங்க போச்சுன்னே தெரியல. உருகிப் போயிருக்கு."

வாணலிக்குப் பின்னாலிருந்த தெஷானின் காது சிவந்தது. அந்தச் சாந்துதான் அவன் உயிர். காலை ஐந்து மணிக்கு எழுந்து, பன்றிக் கொழுப்பில் நாற்பது நிமிடம் வறுப்பான். எத்தனை வெங்காயம் என்று கூடப் பிறந்த அக்காவுக்கே சொன்னதில்லை. அந்தக் கரண்டியை வேறு யாரும் தொடக் கூடாது.

வறுவலும் போனது. நாம்குங் தின்றான், புகழ்ந்தான். பிறகு கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "இப்போ முக்கியமான கட்டம்," என்றான். "சித்தி! கொசுறு மாந்து எங்கே?"

யூஹ்வா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மாந்து பலகையில இருக்கு தம்பி. ஒன்பதாயிரம்."

அவன் பலகையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கேமராவைப் பலகைக்குத் திருப்பினான். "நண்பர்களே, சரித்திர நிகழ்ச்சி. மாந்துக்குக் காசு!" பக்கத்து மேசைகள் சிரித்தன.

"இது கையால மடிச்சது. வஞ்சிர மீன். வேணும்னா சொல்லுங்க, வறுத்துத் தர்றேன்."

"காசு எனக்குப் பெருசில்ல சித்தி. கொள்கைதான். மாந்துக்குக் காசு குடுத்தேன்னு தெரிஞ்சா பாக்கறவங்க என்னைக் காறித் துப்புவாங்க." அவன் மரியாதையாகத்தான் சொன்னான். எழுந்து ஒருமுறை குனிந்தான்கூட. "சின்ன வயசுல, வீடு மாறின அன்னிக்கு, பரிச்சை முடிஞ்ச அன்னிக்கு, எல்லாம் சீனக் கடைதான். மாந்து வந்து எறங்கினாத்தான் எங்களுக்குத் திருவிழா. அதுக்கு விலை போட்டா மனசு வலிக்குது சித்தி."

"உங்க திருவிழாவுக்கு எங்க கை எதுக்கு வலிக்கணும்?"

அந்த நேரம் பார்த்துப் பின்வாசலில் மீன்காரர் மணியடித்தார். நாளைக்கான வஞ்சிரம். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் அவரிடம் எதையும் வாங்க முடியாது. யூஹ்வா போனாள். நான்கு மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றை வேண்டாமென்று தள்ளி, மூன்றைப் பனிக்கட்டியில் புதைத்துவிட்டுத் திரும்பி வர ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும்.

வந்தபோது ஐந்தாம் மேசையில் அவளுடைய மாந்து இருந்தது. எட்டு. இல்லை, பத்து. தட்டையான இரும்புச் சட்டி அடுப்பில் இன்னும் சூடாகப் புகைந்தது. தெஷான் அவளைப் பார்க்காமல் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டான்.

நாம்குங் ஒன்றைக் கடித்தான். அடிப்பக்கம் முறுகி, மேல்பக்கம் ஆவியில் மெத்தென்று இருக்கும் மாந்து. கேமராவை மேசையில் வைத்துவிட்டான். இரண்டாவதைத் தின்றான். மூன்றாவதைத் தின்னும்போது அளவுகோலை எடுக்க மறந்திருந்தான். "இது என்ன... மீனா? மாந்துக்குள்ள சாறு எப்படி நிக்குது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். யூஹ்வா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தின்கிறவனின் முகம் அப்படி ஆவதைப் பார்க்கத்தான் அவள் ஆசைப்பட்டாள். ஆனால் இப்படி இல்லை.

அவன் கேமராவை எடுத்தான். கண் பளபளத்தது. "நண்பர்களே! கையால மடிச்ச வஞ்சிர மாந்து. பத்து. இத்தனையும் கொசுறு! முதல்ல காசுன்னு சொல்லி விளையாட்டுக் காட்டினாங்க. தோங்ஷுன் கடைக்கு நான் அஞ்சுக்கு ஆறு போடறேன்!"

"அது கொசுறு இல்ல," என்றாள் யூஹ்வா, கேமராவைப் பார்த்தே. "ஒன்பதாயிரம். பத்துக்குப் பதினோராயிரத்து எரநூத்தம்பது."

நாம்குங் சிரித்தான். தெஷான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் ஆட்டினான். "இல்ல, இல்ல. விளையாடறா. அவ எப்பவும் இப்படித்தான், விளையாட்டுப் பேச்சு. நீங்க சாப்பிடுங்க."

விளையாடறா. இனி எதைச் சொன்னாலும் அதுவும் விளையாட்டுப் பேச்சு ஆகிவிடும். யூஹ்வா உள்ளே போய், மீனைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்து, வெட்டுக் கத்தியால் முதல் தலையை ஒரே போடாகப் போட்டாள். கல்லாவிலிருந்த ஷூசென் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

சாயங்காலம் கடை சாத்தியபின் தெஷான் சமாதானத்துக்கு வந்தான். "யாலிங் அம்மா," என்றான். யாலிங் அவர்கள் மகள், தைப்பேயில் படிக்கிறாள். "கொஞ்சம் யோசிச்சுப் பாரு. ஊரே பாக்கப் போகுது. இன்னிக்கு ஒரு தட்டு ஓசியில போனா, நாளைக்கு நூறு தட்டு காசுக்குப் போகும். உனக்காகத்தான் செஞ்சேன்."

"எனக்காக."

"ஒரு தட்டுதானே!"

"யாலிங் அப்பா, உங்க வாயால அவன்கிட்ட என்ன சொன்னீங்க? என்னை என்னன்னு சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? சும்மா... பேச்சுக்கு..."

ஷூசென் கல்லாவைப் பூட்டிக்கொண்டே, "டேய், நீ வாயை மூடிக்கிட்டு நூடுல்ஸைப் பாரு," என்றாள். "வாயைத் தொறந்தாத்தான் உனக்கு ஆபத்து."

மறுநாள் சனிக்கிழமை. பத்தரை மணிக்குக் கதவைத் திறக்கப் போன ஷூசென் திறக்காமலே திரும்பி வந்தாள். "ரெண்டு பேரும் வந்து பாருங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை. கடை வாசலில் தொடங்கி, தெருவைக் கடந்து, பி முதலாளியின் வாசலை மறைத்து, மலைப்பூங்காவுக்கு ஏறும் கல்படிக்கட்டு வரை நீண்டிருந்தது. நூறு பேருக்குக் குறையாது. எல்லார் கையிலும் போன், போனில் நாம்குங்கின் முகம்.

தெஷானின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா?"

யூஹ்வா கதவை ஒரு சாண் திறந்து, முதலில் நின்ற பையனைக் கேட்டாள். "என்ன தம்பி வேணும்?"

"சித்தி, சின்னத் தட்டு வறுவல் ஒண்ணு. நாங்க ஆறு பேர். கொசுறு மாந்து ஆளுக்குப் பத்தா, இல்ல தட்டுக்குப் பத்தா?"

"ஆளுக்குத்தான்டா, வீடியோவுல ஒருத்தனுக்கே பத்து வந்துச்சு," என்றான் பின்னால் நின்றவன்.

"கேட்டா முதல்ல காசுன்னு சொல்வாங்களாம்," என்று ஒருத்தி தன் தோழியிடம் விளக்கினாள். "சும்மா விளையாட்டாம். சிரிச்சா குடுத்துடுவாங்களாம்."

யூஹ்வா கதவைச் சாத்தினாள்.

தெஷானின் முகத்தில் மலர்ச்சி மெல்ல வடிந்தது. "சரி... இன்னிக்கு ஒரு நாள். எத்தனை மடிச்சு வச்சிருக்கே? இருநூறு இருக்குமா? ஆளுக்கு ரெண்டு குடுத்துடலாம். தீந்துதுன்னா ஃப்ரீசர்ல பழைய மூட்டை ஒண்ணு இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

"பழைய மூட்டையைத் தூக்கிப் போடச் சொன்னேனே."

"ஒண்ணு மட்டும்... அவசரத்துக்கு..."

யூஹ்வா கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய நாட்காட்டியில் பின்னால் மடிந்து கிடந்த ஏப்ரல் மாதத் தாளைக் கிழித்தாள். அதன் முதுகில், ஷூசெனின் தடித்த பேனாவால், நின்றபடியே எழுதினாள். அவள் கையெழுத்து அழகானதில்லை, ஆனால் தூரத்திலிருந்து படிக்கலாம். கதவைத் திறந்து, கண்ணாடியின் வெளிப்பக்கம் நான்கு மூலையிலும் அறைந்து ஒட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

வரிசையில் முதலில் ஒரு சிரிப்பு. பிறகு சலசலப்பு. "என்னது, என்னது?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள். முன்னால் நின்ற பையன் உரக்கப் படித்தான்.

"வஞ்சிர மாந்து, தட்டு ஒன்பதாயிரம். மாந்து வாங்கினால் ஜாஜாங் நூடுல்ஸ் கொசுறு."

கரண்டி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. தெஷான் சமையலறையிலிருந்து வெளியே வந்தான். "என்ன படிச்சான் அவன்?"

"எனக்குக் கேட்டதுதான் உங்களுக்கும் கேட்டிருக்கும்."

"என் நூடுல்ஸ் கொசுறா?"

"ஒரு கிண்ணம்தானே."

"யாலிங் அம்மா! விளையாடறியா?"

"ஆமா. எனக்கு எப்பவும் விளையாட்டுப் பேச்சுதான். நேத்து ஊருக்கே சொன்னியே."

அவள் அவனை ஒருமையில் பேசி ஷூசென் கேட்டது அதுதான் முதல் முறை. கல்லாவில் எழுந்து நின்றுவிட்டாள்.

"காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கறேன்," என்றான் தெஷான். "நாப்பது நிமிஷம் கையெடுக்காம வறுக்கறேன். ஒரு நிமிஷம் திரும்பினா சாந்து கசந்துபோகும். அதைக் கொண்டுபோய் முள்ளங்கி ஊறுகாயோட சேத்துட்டியே!"

"நான் எத்தனை மணிக்கு எந்திரிக்கறேன்?"

"என்ன?"

"தெரியுமா உனக்கு? சொல்லேன். மீனைச் சுரண்டி, கிண்டி, மடிக்க நான் எத்தனை மணிக்கு எந்திரிக்கறேன்?"

தெஷான் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். அவனுக்குத் தெரியவில்லை, அவன் எழும்போது அவள் பக்கத்துப் போர்வை எப்போதும் மடித்துத்தான் இருக்கும்.

"மூணரை," என்றாள் ஷூசென். "எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

வெளியே சலசலப்பு கூடியது. கதவு பாதி திறந்தே இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் உள்ளே வந்தது.

"ஜாஜாங் ஓசியா? அப்போ ரெண்டு கிண்ணம் வாங்கலாம்."

"ஓசி நூடுல்ஸை யாரு தின்னுவா? பையில போட்டு நாய்க்குக் கொண்டுபோலாம்."

ஒரு நடுவயதுப் பெண் மூக்கைச் சுளித்தாள். "சும்மா தூக்கிக் குடுக்கறாங்கன்னா என்ன அர்த்தம்? பாக்கெட் சாந்தாத்தான் இருக்கும். கடையில விக்குமே, அந்தக் கறுப்புத் தண்ணி."

தெஷான் கதவை உதைத்துத் திறந்தான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்தாதவன். படிக்கட்டு வரை கேட்கும்படி கத்தினான். "யாரு சொன்னது பாக்கெட் சாந்துன்னு? யாரு? முன்னால வா!"

யாரும் முன்னால் வரவில்லை. எதிர்க்கடை வாசலில் நின்ற பி முதலாளி உள்ளே நழுவினார்.

"நாப்பது வருஷமா இந்தக் கடையில பாக்கெட் வந்ததில்ல! எங்கப்பன் காலத்துலயும் வந்ததில்ல!" கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் கசக்கினான். "ஜாஜாங் ஏழாயிரம்! கொசுறு இல்ல! எதுவும் கொசுறு இல்ல!"

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். கல்லூரிப் பெண் மாதிரி இருந்தாள். பயப்படவில்லை. "முதலாளி, நேத்து நீங்கதானே மாந்தைக் கொசுறாக் குடுத்தீங்க? சித்தி ஒன்பதாயிரம்னு சொன்னாங்க. நீங்கதான் விளையாடறான்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் நாங்க ஸியோல்லேர்ந்து ரெண்டு மணி நேரம் ரயில்ல வந்திருக்கோம். இப்போ எதை நம்பறது?"

கசக்கிய தாள் தெஷானின் கையில் இருந்தது. நூறு முகமும் அவனைப் பார்த்தன. கோணிய முகங்கள். திரும்பி உள்ளே பார்த்தான். யூஹ்வா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அவனுக்கு உதவி எதுவும் இல்லை.

"அவ விளையாடலை," என்றான்.

"என்ன முதலாளி? கேக்கல!"

"அவ விளையாடலைன்னு சொன்னேன்! அந்த மாந்து என்னுது இல்ல. அவ செஞ்சது. கேக்காம எடுத்துக் குடுத்தேன். குடுக்க எனக்கு உரிமை இல்ல." மூச்சு வாங்கினான். "ஒன்பதாயிரம். வேணுங்கறவங்க உள்ள வாங்க. ஓசிக்கு வந்தவங்க..." இங்கே பழக்கம் அவனை இழுத்தது, இடுப்பு தானாக வளைந்தது. பாதி குனிந்தவன் அப்படியே நிமிர்ந்துகொண்டான். "ஓசிக்கு வந்தவங்க போங்க."

போனார்கள். வரிசை படிக்கட்டுப் பக்கத்திலிருந்து உதிர்ந்தது. "ரொம்பத்தான் திமிரு", "கஞ்சப் பிசினாரி", "எதிர்க்கடையில பன்னெண்டு குடுக்கறாங்களாம், வா" என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஆறு பேர் கூட்டம் தங்களுக்குள் சண்டை போட்டு மூன்று மூன்றாகப் பிரிந்தது. கடைசியில் வாசலில் நின்றவர்களை ஷூசென் விரல்விட்டு எண்ணினாள். பதினான்கு. போன் பிடித்த பெண்ணும், பாக்கெட் சாந்து என்று சொன்ன நடுவயதுக்காரியும் அதில் இருந்தார்கள்.

யூஹ்வா அடுப்பைப் பற்றவைத்தாள். கோபம் தணிந்ததா என்று கேட்டால், இல்லை. அவன் தன் தப்பைத் தெருவுக்குச் சொன்னான், அவளுக்குச் சொல்லவில்லை. அவன் கோபமும் தணியவில்லை. தாளில் எழுதியது கிழிந்தாலும், கேட்டவன் காதில் கிழியாது அல்லவா? இரண்டு பேரும் ஒரு கைநீள இடைவெளியில் அவரவர் அடுப்புக்கு முன்னால் நின்றார்கள்.

"அக்கா," என்றான் தெஷான், சுவரைப் பார்த்து. "ரெண்டாம் மேசை நூடுல்ஸ் ரெடின்னு அவகிட்டச் சொல்லு."

"அக்கா," என்றாள் யூஹ்வா. "எனக்குக் காது நல்லாக் கேக்கும்னு அவர்கிட்டச் சொல்லுங்க."

"நான் என்ன தபால்காரியா?" என்றாள் ஷூசென். "மாசம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கு. அந்தப் பலகையை என்ன பண்றது? அதை மட்டும் யாராவது எங்கிட்ட நேரா சொல்லுங்க."

தெஷான் சாந்தைக் கிண்டினான். வெகுநேரம் கிண்டினான். "ஆணி கொஞ்சம் ஆடுது," என்றான் கடைசியில். "மதியத்துக்கு மேல பெரிய ஆணியா அடிக்கறேன்."

யூஹ்வா திரும்பிப் பார்க்கவில்லை. சட்டியில் எண்ணெய் தடவி எட்டு மாந்தை வட்டமாக அடுக்கி, அரைக் கிண்ணம் தண்ணீர் ஊற்றி மூடினாள். உள்ளே சீறியது. மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடுவயதுக்காரி மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, ஒன்பதாயிரம் குடுக்கற அளவுக்கு அப்படி என்ன இருக்கு அதுல?"

"தின்னு பாருங்க," என்றாள் யூஹ்வா. "பிடிக்கலைன்னாலும் ஒன்பதாயிரம்தான்."